வெயிலில் ஏறுகிற வேலை என்று தள்ளிவிடாதீர்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் படித்தவன். மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. கொழும்பில் ஒரு தனியார் கம்பஸில் தகவல் தொழினுட்பப் பட்டத்துக்குச் சேர்க்கச் சொல்லி ரொறன்ரோ மாமா ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துக் கதைக்கிறார், பாதிக் காசும் தருவாராம். மொத்தம் 18 இலட்சம். மிச்சம் 9 இலட்சத்துக்கு நகையை அடகு வைக்கலாமா என்று தகப்பன் யோசிக்கிறார். பெடியனோ ஆறு மாதமாக டிஷ் பூட்டுகிற ஒருவரோடு ஏணியும் கையுமாகத் திரிகிறான். "இந்த வெயிலுக்குள் கூரையில் ஏறித் திரியவா படிப்பித்தோம்?" என்று கேட்கிறார் தாய்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வெயில் இல்லை, அந்த 9 இலட்சம். அடகு வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்றே வைப்போம். ஆண்டுக்கு 1 இலட்சத்து 8 ஆயிரம், மூன்று ஆண்டில் 3 இலட்சத்து 24 ஆயிரம் வட்டி மட்டும். கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் இதில் சேரவில்லை. பிள்ளை விரும்பிக் கேட்ட படிப்பென்றால் இந்தக் கணக்கை வேறு விதமாகப் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் அவன் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. இந்த ஆறு மாதத்தில் ஒரு இரவாவது யாரும் சொல்லாமல் கணினியில் நிரல் எழுத உட்கார்ந்தானா? இல்லையென்றால் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

மருத்துவம், கணக்கியல், ஆசிரியர் கல்லூரி பற்றி நான் எழுதப் போவதில்லை, அதைச் சொல்ல உங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோகிறார்கள். அவன் ஏற்கெனவே கால் வைத்திருக்கிற வேலைக்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் வெயில். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் காற்றோடு பகல் வெப்பம் 35 பாகையைத் தொடுகிற ஊர் இது. தகரக் கூரை மத்தியானத்தில் 60 பாகைக்கு மேல் காயும். தெரிந்தவன் அந்த நேரத்தில் கூரையில் இருக்க மாட்டான். காலை 6 முதல் 9.30 வரை மேலே, பிறகு இறங்கிச் சுவரில் துளை போடுவது, நிழலில் இருந்து கனெக்டர் பூட்டுவது, உள்ளே வயர் இழுப்பது, பின்னேரம் 4 மணிக்குப் பிறகு திரும்ப மேலே. பன்னிரண்டு மணிக்கு ஏற்றிவிடுகிற ஆளிடம் உங்கள் மகன் வேலை பழகினால் அந்த ஆளை மாற்றுங்கள், தொழிலை அல்ல. அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் இன்னும் கவனம். சீட்டின் நடுவில் கால் வைத்தால் ஆள் உள்ளே. கீழே மரச் சட்டம் ஓடுகிற ஆணி வரிசையின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். சீட்டில் துளை போடவே கூடாது, டிஷ் சுவரில் நிற்கட்டும். துளையிடும்போது பறக்கிற தூசு சுவாசப்பைக்குள் போனால் வெளியே வராது.

டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்துப் படம் பிடிப்பது அதிர்ஷ்டம் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் நிற்கிற செய்மதி ஒன்றைத் திருகோணமலையிலிருந்து பிடிக்க வேண்டுமென்றால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 258 பாகை, அதாவது மேற்கிலிருந்து சற்றுத் தெற்கு. அடிவானத்திலிருந்து உயரம் 47 பாகை. 83 பாகைச் செய்மதி என்றால் தலைக்கு மேலேயே, உயரம் 80 பாகைக்குக் கிட்ட. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை அகலம் 3 பாகைதான். கையை நீட்டிச் சுட்டுவிரலைப் பிடித்தால் அது மறைப்பது ஏறத்தாழ 2 பாகை, கணக்கு அவ்வளவு நெருக்கம். அதனால் கம்பம் நிமிர்ந்து நிற்க வேண்டும். நீர்மட்டக் கருவியை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் போதாது, அதற்குச் செங்குத்தான மறுபக்கமும் பார்க்க வேண்டும். திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்கு அருகில் பிடித்தால் பொய் சொல்லும், நாலைந்து அடி தள்ளி நிற்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால், மேற்கே தள்ளி நிற்கிற செய்மதிக்கு எல்.என்.பியை, அதாவது டிஷ்ஷின் முன்னால் தண்டில் நின்று சமிக்ஞையை வாங்குகிற பாகத்தை, பிடியில் நன்றாகத் திருப்பவும் வேண்டியிருக்கும். வடக்கு நாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்.

வெயில் காலத்துப் பிழைகள் தனி இனம். காலையில் படம் வருகிறது, ஒரு மணிக்குப் போகிறது, பின்னேரம் திரும்ப வருகிறது. காரணம் பெரும்பாலும் எல்.என்.பிக்குள் மயிரிழை அளவு வெடித்த ஈயப் பற்று, சூட்டில் விரிந்து விலகும். அல்லது பழைய எல்.என்.பிக்குள் அதிர்வெண்ணை உண்டாக்குகிற அலையியற்றி சூட்டில் நகர்ந்து போயிருக்கும். சோதனை எளிது. படம் போன நேரத்தில் ஈரத் துணியை எல்.என்.பியின் உடம்பில் மட்டும் சுற்ற வேண்டும், முன்முகத்தில் படக்கூடாது, நீர் சமிக்ஞையைத் தின்னும். ஐந்து நிமிடத்தில் படம் திரும்பினால் குற்றவாளி அதுதான். சில சனல் மட்டும் வருகிறதா? நிலைக்குத்து, கிடை என்று சமிக்ஞை வருகிற இரண்டு முனைவாக்கத்தில், டிகோடரிலிருந்து எல்.என்.பிக்கு ஒன்றுக்கு 13 வோல்ற், மற்றதற்கு 18 வோல்ற் போக வேண்டும். துருப்பிடித்த கனெக்டர், செம்பு பூசிய இரும்பு வயரின் நீண்ட ஓட்டம் இரண்டும் சேர்ந்தால் 18 வோல்ற் மேலே போய்ச் சேராது.

இன்னொன்றும் உண்டு. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்கள், பிற்பகல் 3 மணியளவில், சில நிமிடம் மட்டும் படம் போகும். அந்த 45 பாகைச் செய்மதிக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும் நேரம் அது. அன்றைக்கு எல்.என்.பியை மாற்றிக் காசு வாங்குகிறவன் தொழில் தெரியாதவன், அல்லது மிக நன்றாகத் தெரிந்தவன். துருப்பிடிக்கிறதென்று டிஷ்ஷுக்கு மினுங்கும் வெள்ளிப் பெயின்ற் அடிக்கிற வீடுகளும் உண்டு. அந்த மினுக்கம் வெயிலையும் சேர்த்துக் குவித்து எல்.என்.பியின் பிளாஸ்ரிக் மூடியை உருக்கிவிடும். மங்கல் பெயின்ற்தான் அடிக்க வேண்டும்.

கோடையில் செய்த கவலையீனம் மாரியில் வெளியே வரும். வாடையோடு மழை இறங்கியதும் போன் அடிக்கத் தொடங்கும். கறுப்பு இன்சுலேசன் ரேப் வெயிலில் பசை இளகிக் கழன்றிருக்கும், நீர் கனெக்டருக்குள் இறங்கி வயரின் வலைப்பின்னல் வழியே டிகோடர் வரை போயிருக்கும். தானே ஒட்டிப் பிடிக்கிற இறப்பர் ரேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிப் பாதி மேற்படிய, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓட்டுக் கூரையில் ஓடு அடுக்குவது போல. வயர் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கினால் நீர் அதில் சொட்டிப் போகும். அந்த வளைவின் ஆரம் 7 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. நடுச்செம்பு கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 1 முதல் 2 மில்லிமீற்றர் மட்டும் நீட்டி நிற்க வேண்டும். மழையில் அடிக்கடி படம் உடைகிற வீட்டுக்கு 60ஐக் கழற்றி 90 சென்ரிமீற்றர் டிஷ் போட்டால் சமிக்ஞை 3.5 டெசிபெல் கூடும், அது பெரிய மழைக்கு ஒரு குடை.

ஆனால் 90 என்றால் காற்றும் கூடப் பிடிக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்றில் 60 டிஷ்ஷைத் தள்ளுவது 16 கிலோ எடை அளவு, 90 டிஷ்ஷை 36 கிலோ. 2020 டிசம்பரில் புரெவி புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. பிளாஸ்ரிக் ரோல் பிளக்கில் நாலு ஸ்குரூ என்ற பூட்டு இந்த ஊருக்கு ஆகாது. சுவர் கல்லிலோ கொங்கிறீற்றிலோ இருந்தால் விரியும் போல்ற், உப்புக் காற்றுக்குச் சூடாகத் தோய்த்த நாகப் பூச்சு, மரை மேல் கிறீஸ். இதைச் செய்யாத வேலை இரண்டு வருடத்தில் துருவாகக் கொட்டும்.

இனி மாமாவின் கட்சி. "கனடாவுக்கு வந்தாலும் இந்தக் குளிரில் இதைச் செய்ய ஏலாது" என்கிறாராம். செய்கிறார்கள், பனியிலும். உலர்ந்த பனி சமிக்ஞையை அதிகம் தடுக்காது. ஈரப்பனியும் எல்.என்.பியின் முகத்தில் உறைந்த ஐஸும்தான் தடுக்கும். அதை மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும், சுடுநீர் ஊற்றினால் மூடி வெடிக்கும். கடுங்குளிரில் வயரின் உறை விறைத்துப் போகும், சுருளை வீட்டுக்குள் சூடாக்கி எடுத்துத்தான் இழுப்பார்கள். ரேப் ஒட்டாது, மீற்றரின் பற்றரி பாதியில் படுக்கும். நிலத்தில் கம்பம் நட்டால் ரொறன்ரோவில் 1.2 மீற்றர் ஆழம் போக வேண்டும், இல்லாவிட்டால் உறைந்த மண் வீங்கிக் கம்பத்தைத் தூக்கும். மாரியில் இலையுதிர்ந்த மேப்பிளின் ஊடாகப் பூட்டிய டிஷ், வசந்தத்தில் இலை வந்ததும் குருடாகும். நம்மூரில் அந்த வேலையைக் கச்சானில் ஆடும் தென்னோலையும், கவ்வாத்துக்குப் பிறகு தழைக்கும் முருங்கையும் செய்கின்றன. பாகையும் வோல்ற்றும் அங்கேயும் இவைதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். டிஷ் ரி.வி. மட்டும் அவனுக்கு முப்பது வருடம் சோறு போடாது. பார்க்கிறவர்கள் இணையத்துக்குப் போகிறார்கள். 2025 ஜூலையில் செய்மதி வழி இணையம் தருகிற ஸ்ரார்லிங்க் இலங்கையில் சேவை தொடங்கியது, அதன் தட்டு செய்மதியைத் தானே தேடிக்கொள்ளும். ஆனாலும் கூரையில் நீர் ஒழுகாமல் பூட்டுவது, வயரை உப்பிலிருந்து காப்பது, மின்னலுக்கு நிலத்தொடுப்பு எடுப்பது தானாக நடக்காது. சூரியப் பலகைக்கும் கண்காணிப்புக் கமராவுக்கும் இதே கைதான். நிலாவெளி விடுதிகளில் ஒரே டிஷ்ஷிலிருந்து முப்பது அறைக்குப் பிரித்துக் கொடுக்க மல்ரிசுவிச் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். விடுதிகளின் சீசன் மே மாதம் தொடங்குவதால் அந்த வேலை மார்ச், ஏப்ரலில் குவியும். மழைக் காலம் பழுதுபார்ப்புக் காலம். இரண்டையும் சேர்த்தால் வருடம் முழுக்க வேலை.

ஆனால் கைப்பழக்கம் மட்டும் போதாது, சான்றிதழ் வேண்டும். திருகோணமலைத் தொழினுட்பக் கல்லூரிக்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் அவனோடு நேரில் போங்கள். இலத்திரனியல் அல்லது தொலைத்தொடர்பு சார்ந்து என்.வீ.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டப் பாடநெறி எது, எப்போது சேர்க்கிறார்கள், தமிழ்மொழி மூலமா என்று கேளுங்கள். தொழிலிடத்திலேயே பயில்வதற்கு நைட்டா என்கிற அரச பயிலுநர் பயிற்சி அதிகாரசபை இருக்கிறது. அவனுக்கு வேலை பழக்குகிற அந்த மனிதரும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் விண்ணப்பித்துச் சான்றிதழ் எடுக்கலாம், அதையும் அவரிடம் சொல்லுங்கள். 4க்கு மேல் 5, 6 டிப்ளோமா. அதற்கும் மேல் இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழினுட்பவியல் பல்கலைக்கழகத்தில் (யுனிவொடெக்) பட்டம். ஆகவே பட்டக் கதவு பூட்டப்படவில்லை, நகை மட்டும் வீட்டில் இருக்கிறது.

இரண்டு விடயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்றிலிருந்து ஹார்னஸும் (விழாமல் பிடிக்கிற உடல் வார்) தலைக்கவசமும் இல்லாமல் அவன் கூரையில் ஏறக்கூடாது, ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி நிற்க வேண்டும், மின்கம்பி பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். அடுத்தது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொப்பி: தேதி, நேரம், வெயிலா மழையா, மீற்றர் காட்டிய அளவு, மாற்றிய பாகம். நைட்டா நேர்முகத்துக்கு அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

மாமாவிடம் கோபிக்க வேண்டாம். தருவதாகச் சொன்ன 9 இலட்சத்தில் ஒரு சிறு பங்குக்கு நல்ல சமிக்ஞை மீற்றரும், இணைப்பை அழுத்திப் பூட்டும் குறடும், முழு உடல் ஹார்னஸும் வாங்கலாம். இந்த ஞாயிறு அவர் எடுக்கும்போது பெடியனையே கதைக்க விடுங்கள், எந்த மீற்றர் வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும்.