குப்பை மெயிலும் ஃபில்டரும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்பேம் தொல்லை பற்றி மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. கேட்ட எல்லோரிடமும் இருப்பது ஜிமெயில்தான், அதனால் பதிலும் அதற்கு மட்டும்.

தக்கலை, ஓய்வு பெற்ற ஆசிரியை: தினமும் லோன், லாட்டரி என்று மெயில் வருகிறது தம்பி. ஒவ்வொரு முகவரியாக பிளாக் செய்கிறேன், நின்றபாடில்லை.

நிற்காது டீச்சர். அனுப்புகிறவன் ஒவ்வொரு தடவையும் வேறு முகவரியில் வருகிறான். நேற்றைய முகவரியை பிளாக் செய்தால் இன்றைக்கு அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 'இந்தச் சொல், இந்த முகவரி வந்தால் இப்படிச் செய்' என்று ஜிமெயிலுக்கு நாம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் ஃபில்டர். 'லாட்டரி' என்ற சொல்லுக்கு அப்படி ஒன்று போட்டாலும் எழுத்தை மாற்றி எழுதிவிடுவான். பிளாக்கை விட்டுவிட்டு 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்துங்கள். அடுத்து அதே ஜாதி மெயில் வந்தால் ஜிமெயிலே அடையாளம் காண அது உதவும். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் குப்பையைத் தடுப்பது ஜிமெயிலின் வேலை. நாம் போடும் ஃபில்டர் இரண்டு காரியத்துக்குத்தான்: நாமே பெயர் கொடுத்து வரவழைத்த மெயில்களை ஒதுக்கி வைக்க, வேண்டிய மெயில் தொலையாமல் காக்க.

குலசேகரம், ரப்பர் வியாபாரி: கோட்டயத்தில் நான் ஷீட் கொடுக்கும் கம்பெனி அனுப்பும் விலைப் பட்டியல் ஸ்பேமில் போய் விழுகிறது. சில நேரம் தேடினாலும் கிடைப்பதில்லை.

ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும் அண்ணாச்சி, அதுதான் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மேலே தேடும் கட்டத்தின் வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் குறியைத் தட்டுங்கள். ஒரு படிவம் விரியும். 'ஃப்ரம்' என்ற இடத்தில் கம்பெனி முகவரியைப் போட்டு 'கிரியேட் ஃபில்டர்' கொடுங்கள். அடுத்த பக்கத்தில் 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதில் டிக் அடித்து முடியுங்கள்.

கம்பெனிக்குச் சொந்த டொமைன் இருந்தால் 'அட்' குறியிலிருந்து பின்பகுதியை மட்டும் போட்டால் போதும். அந்த ஆபீசில் யார் அனுப்பினாலும் வந்து சேரும். ஆனால் அவர்களும் சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்பினால் முழு முகவரியைப் போடுங்கள். பின்பகுதியை மட்டும் போட்டால் உலகத்தில் ஜிமெயில் வைத்திருக்கும் மோசடிக்காரன் அத்தனை பேருக்கும் கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

நாகர்கோவில், இன்ஜினியரிங் மாணவர்: விளம்பர மெயிலின் அடியில் வரும் 'அன்சப்ஸ்கிரைப்' (இனி அனுப்பாதே) என்ற சொல் இருக்கும் மெயில் எல்லாம் டெலிட் ஆகும்படி ஃபில்டர் போடச் சொல்கிறான் நண்பன். போடலாமா அண்ணா?

சொல்லைப் பிடித்தது நல்ல யோசனை, டெலிட்தான் வேண்டாம் மக்களே. நீ பதிந்து வைத்திருக்கும் வேலைவாய்ப்பு தளத்தின் மெயிலிலும் அந்தச் சொல் இருக்கும். இன்டர்வியூ அழைப்பும் சேர்ந்து போய்விடும். டெலிட்டுக்குப் பதில் 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' டிக் செய்து, 'விளம்பரம்' என்று ஒரு லேபிள் (மெயிலைத் தனியாகச் சேர்த்து வைக்கும் பெயர்ச்சீட்டு) கொடு. இன்பாக்ஸ் சுத்தமாக இருக்கும், மெயிலும் எங்கேயும் போகாது. வாரம் ஒரு தடவை எட்டிப் பார்.

புதிதாக எங்கே பதிந்தாலும் உன் பயனர்பெயருக்கும் 'அட்' குறிக்கும் நடுவில் பிளஸ் குறியும் அந்தக் கடை பெயரும் சேர்த்துக் கொடு. மெயில் உனக்கே வரும். பிற்பாடு அந்த முகவரிக்கு வேறு யாராவது விளம்பரம் அனுப்பினால், எந்தக் கடை வழியாக வெளியே போனது என்று தெரிந்துவிடும். சில தளங்கள் பிளஸ் குறியை ஏற்காது.

பெரிய கம்பெனி விளம்பரம் என்றால் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் அன்சப்ஸ்கிரைப் பட்டனை அழுத்து. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தலில் விலக வழி தரவேண்டும் என்று கூகுள் 2024இல் விதி கொண்டுவந்தது. முகம் தெரியாதவன் மெயிலுக்குள் இருக்கும் லிங்கை மட்டும் தொடாதே.

கன்னியாகுமரி, ஹோம்ஸ்டே நடத்துபவர்: புக்கிங் மெயில் அனுப்பியதாக விருந்தினர்கள் சொல்கிறார்கள். இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை. என்ன மாயம்?

இதை இன்றைக்கே பாருங்கள் சார். செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்' என்ற பக்கத்தைத் திறங்கள். நீங்கள் போடாத ஃபில்டர் ஏதாவது இருக்கிறதா? பக்கத்திலேயே 'ஃபார்வர்டிங்' பக்கத்தில் தெரியாத முகவரி இருக்கிறதா?

பாஸ்வேர்டு கிடைத்த திருடன் உடனே அதை மாற்றினால் நீங்கள் விழித்துக்கொள்வீர்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் சத்தமில்லாமல் ஒரு ஃபில்டர் போடுவான்: 'புக்கிங்', 'பேமென்ட்' என்ற சொல் இருந்தால் தனக்கு ஒரு பிரதி, உங்களிடம் இருப்பது நேரே டிராஷுக்கு. பிறகு உங்கள் பெயரிலேயே விருந்தினரிடம் அட்வான்ஸ் கேட்பான். அப்படி ஃபில்டரோ முகவரியோ இருந்தால் முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழியுங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லா கருவிகளிலிருந்தும் வெளியேறி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை) போடுங்கள். யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஃபில்டரும் இல்லை, ஃபார்வர்டிங்கும் இல்லை என்றால் 'ஆல் மெயில்', 'டிராஷ்' இரண்டிலும் தேடுங்கள்.

மார்த்தாண்டம், நர்ஸ்: வெளிநாட்டு வேலை மெயில்களில் போலியை மட்டும் ஃபில்டர் பிரிக்குமா?

பிரிக்காதும்மா. நிஜமும் போலியும் ஒரே சொற்களைத்தான் எழுதுகின்றன. எல்லாவற்றையும் ஒரு லேபிளில் சேர்த்து வைத்து, பெயரைப் பார்க்காமல் முழு முகவரியைப் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பப் பதிவு பெற்ற ஏஜென்டுகளைக் காட்டும் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பெயர் இல்லாவிட்டால் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

தோவாளை, பூ வியாபாரி: கம்ப்யூட்டர் கிடையாது, ஃபோன் மட்டும்தான்.

ஃபோனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர் போட வசதி இல்லை அண்ணன். வேறு யார் கம்ப்யூட்டரிலாவது ஒரு தடவை போட்டால் போதும், அது கூகுள் சர்வரில் இருப்பதால் ஃபோனிலும் வேலை செய்யும். காலைச் சந்தை முடிந்து டவுனுக்கு வரும்போது கடைக்கு வாருங்கள், இருந்தே போட்டுவிடலாம். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், கிளம்பும்முன் லாக் அவுட் செய்தாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.