ப்ரீ-போர்டில் மார்க் குறைந்தால் என்ன செய்வது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு, சயின்ஸ் குரூப். தினமும் ராத்திரி ஒரு மணி வரை படிக்கிறாள். புத்தகத்தைப் பார்த்தபடி கடகடவென்று விளக்குகிறாள். ஆனால் ப்ரீ-போர்டில் (போர்டு தேர்வுக்கு முன் பள்ளி வைக்கும் ஒத்திகைத் தேர்வில்) இயற்பியலில் 70-க்கு 38தான். எங்கே கோளாறு?
– ஒரு தாய், மயூர் விஹார், தில்லி

பதில்: நீங்கள் எழுதிய 'புத்தகத்தைப் பார்த்தபடி' என்பதில்தான் கோளாறு, அம்மா. பக்கம் கண்ணெதிரே இருக்கும்வரை எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். உங்கள் மகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இன்றிலிருந்து இப்படி மாற்றுங்கள். 40 நிமிடம் படிக்கட்டும். பிறகு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை மூடி அடுத்த அறையில் வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் 15 நிமிடம் நினைவிலிருந்து எழுதட்டும். அதன்பின் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாளும் நான்காம் நாளும் பத்தாம் நாளும், சிவப்பில் உள்ளதை மட்டும் மறுபடி பார்க்காமல் எழுத வேண்டும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பாதிப் பக்கம் சிவப்பாக நிற்கும். அதைப் பார்த்து நீங்கள் பயந்தால் அவளும் பயப்படுவாள்.

ஓர் உதாரணம். 'முடிவில்லா நீளமுள்ள மின்னூட்டக் கம்பியின் மின்புலத்தைக் காஸ் விதியால் வருவி' என்று மூன்று மார்க் கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் கடைசிச் சூத்திரத்தைச் சரியாக எழுதிவிடுவார்கள். அவர்கள் விடுவது மூன்று. கம்பியைச் சுற்றி உருளை வடிவக் காஸியன் பரப்பை வரைந்து, ஆரத்தையும் நீளத்தையும் குறிப்பதில்லை. உருளையின் இரு தட்டை முகங்களிலும் ஃப்ளக்ஸ் (மின்பாயம்) ஏன் பூஜ்யம் (மின்புலம் அந்த முகங்களுக்கு இணையாகச் செல்வதால்) என்ற ஒரு வரியை எழுதுவதில்லை. நேர்மின்னூட்டமானால் திசை வெளிநோக்கி என்று சொல்வதில்லை. திருத்துபவர் பெரும்பாலும் அரை அரை மார்க்காகப் படிப்படியாகத்தான் போடுவார். இதே கணக்கில் பத்து விடைகளில் இழந்ததைக் கூட்டிப் பாருங்கள், மார்க் எங்கே கசிந்தது என்று புரியும்.

சி.பி.எஸ்.இ. மாதிரி வினாத்தாளையும் அதற்கான மார்க்கிங் ஸ்கீமையும் (எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்ற பட்டியலையும்) இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பிள்ளைகள் வினாத்தாளை மட்டும் இறக்கிக்கொள்கிறார்கள். ஸ்கீமைப் பக்கத்தில் வைத்துத் தன் தாளைத் தானே திருத்துவதுதான் முக்கியமான பாதி.

கேள்வி: மகன் ஜே.இ.இ. (பொறியியல் நுழைவுத்தேர்வு) கோச்சிங் போகிறான். 'போர்டை கடைசி மாதம் பார்த்துக்கலாம்' என்கிறான். கணக்கில் விடை சரி, மார்க் வரவில்லை. நேரமும் போதவில்லை.
– ஒரு தந்தை, ஜனக்புரி

பதில்: என்.ஐ.டி., ஐ.ஐ.டி. சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65) அல்லது அந்தப் போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் (அதாவது மாணவர்களில் முதல் 20 சதவீதத்தினருக்குள்) வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவனிடம் சொல்லுங்கள். ரேங்க் மட்டும் வந்து பயனில்லை.

கோச்சிங்கில் விடையை மட்டும் குறித்துப் பழகிய கை, படிகளைத் தாவும். வரையறையற்ற தொகையீட்டில் மாறிலி விடுபடும். லீனியர் புரோகிராமிங்கில் தீர்வுப் பகுதி எல்லையற்றதாக இருந்தால், மூலைப்புள்ளிகளோடு நிறுத்தாமல், திறந்த அரைத்தளத்தையும் வரைந்து சரிபார்க்க வேண்டும், அதையும் விட்டுவிடுவான். வாரம் இரண்டு நாள் கோச்சிங் நோட்டைத் தொடாமல், கோடு போட்ட தாளில் முழு விடை எழுதச் சொல்லுங்கள்.

நேரத்துக்கு இயற்பியல் தாளை எடுத்துக்கொள்வோம். 33 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு மார்க் 16 கேள்விகளுக்கு 25 நிமிடம், இரண்டு மார்க் ஐந்துக்கு 25, மூன்று மார்க் ஏழுக்கு 50, கேஸ் ஸ்டடி (ஒரு பத்தியைத் தந்து அதன்மேல் கேட்பது) இரண்டுக்கு 15, ஐந்து மார்க் மூன்றுக்கு 45. மொத்தம் 160, மீதி 20 நிமிடம் சரிபார்க்க. தொடக்கத்தில் வாசிக்கத் தரும் 15 நிமிடத்தில், 'அல்லது' போட்ட கேள்விகளில் எதை எழுதுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். பாதி எழுதி அடித்துவிட்டு மற்றதற்குத் தாவுவதில் வீணாகும் நேரம் அதிகம். ஜே.இ.இ. போல நெகட்டிவ் மார்க் இல்லை, ஆகவே ஒரு மார்க் கேள்வி எதையும் காலியாக விடக்கூடாது.

கேள்வி: ஜனவரிக் குளிரில் மகன் ரஜாய்க்குள் (பஞ்சு வைத்த கனத்த போர்வைக்குள்) உட்கார்ந்தே படிக்கிறான். அரைமணியில் தூங்கிவிடுகிறான்.
– வாசகி, ஆர்.கே.புரம்

பதில்: ரஜாய் தூங்கத்தான். சாக்ஸ், குல்லாய், சால்வையோடு நாற்காலியில் உட்காரட்டும். வெயில் வந்ததும் பால்கனிக்கு நகரட்டும். அறையில் கரி அங்கீட்டி (குளிர்காயும் அடுப்பு) மட்டும் வேண்டவே வேண்டாம்: மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

தேர்வு 10.30-க்கு. ராத்திரி விழித்தே பழகிய மூளை அந்த நேரத்தில் மந்தமாகத்தான் இருக்கும். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே, படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் தினம் 15 நிமிடம் சீக்கிரமாக்கிக்கொண்டே வாருங்கள். மாதிரித் தேர்வையும் காலை 10.30-க்கே எழுத வையுங்கள். 10 மணிக்கு மேல் மையத்தில் அனுமதி கிடையாது. பிப்ரவரியிலும் மூடுபனி இருக்கலாம், அதனால் கேபை நம்பாமல் மெட்ரோவில் ஒருமுறை முன்கூட்டியே போய் வழி பார்த்துவிடுங்கள்.