25 ஹெச்பி போதுமா, 40 வேண்டுமா?

கேள்வி: கவுந்தப்பாடியிலிருந்து ஈரோட்டுக்கு நாட்டுச்சர்க்கரை ஏற்ற ஒரு மினி லாரி வாங்கப் போகிறேன். ஒரு நடைக்கு 60 கிலோ மூட்டை 15. ஷோரூமில் 40 ஹெச்பி வண்டியைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். 25 ஹெச்பி இழுக்காதுங்களா?

பதில்: தாராளமாக இழுக்குமுங்க. கணக்கைப் பார்ப்போம்.

சமதள ரோட்டில் ஒரே வேகத்தில் போகும் வண்டியின் இன்ஜினுக்கு, உராய்வையும் எதிர்காற்றையும் ஈடுகட்டுவது மட்டும்தான் வேலை. காலி வண்டி 1,100 கிலோ, சரக்கு 900, ஆக 2,000 கிலோ என்று வையுங்கள். தார் ரோட்டில் டயர் உருளும்போது ஏற்படும் தடை, எடையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு என்று எடுக்கலாம். அதாவது 30 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை. நம்ப முடியவில்லையா? பங்க்கில் வண்டி நின்றுபோனால் லோடோடு இரண்டு பேர் தள்ளி ஓரங்கட்டுகிறோமே! கிளப்பத்தான் மூச்சு முட்டும், உருள ஆரம்பித்தால் சும்மா வரும். டயரில் காற்று குறைந்தால் இந்த 30 ஏறிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். 30 கிலோ என்பது 294 நியூட்டன், 60 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 16.67 மீட்டர். பெருக்கினால் 4,900 வாட். ஒரு ஹெச்பி 735 வாட் என்பதால், ஏழுக்கும் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் எதிர்காற்றுக்கும் கிட்டத்தட்ட இன்னொரு ஏழு. கியர்பாக்ஸ், ஆக்ஸிலில் வீணாவதைச் சேர்த்தாலும் இன்ஜின் 16 ஹெச்பி கொடுத்தால் போதும். ஆனால் 80-இல் பறக்க நினைத்தால் கதையே வேறு. வேகம் இரட்டித்தால் காற்றுக்கான திறன் எட்டு மடங்காகும்.

சரி, மேடு? திம்பம் மலைப்பாதையில் மைசூர் பக்கம் போவீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறும் ரோடு என்றால் தடை 30 கிலோவிலிருந்து 170 ஆகிவிடும். அப்போதும் 25 ஹெச்பி வண்டி 30 கி.மீ. வேகத்தில் ஏறும், 40 ஹெச்பி 45-ஐத் தாண்டும். 27 கொண்டை ஊசி வளைவில் 45-இல் யார் போகிறார்கள்?

மாதம் நாலு நடை மலை ஏறுவதாக இருந்தால் பெரியதை யோசியுங்கள். ஈரோட்டு நடைக்கு மட்டும் என்றால் 25-ஐ எடுங்கள். ஒன்று, டெஸ்ட் டிரைவுக்குக் காலி வண்டி தருவார்கள். 15 மூட்டையையும் ஏற்றி, ஒரு மேம்பாலத்தில் பாதி மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். கிளட்ச் கருகும் வாசனை வந்தால் அந்த வண்டி வேண்டாமுங்க.