கேட்காததுதான் காரணமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நானும் என் வகுப்புத் தோழனும் ஒரே நாளில், ஒரே பதவியில் வேலைக்குச் சேர்ந்தோம். மதிப்பெண்ணில் நான் ஒரு படி மேல். இரண்டு ஆண்டுகள் கழித்து, வங்கிக் கடனுக்காக அவன் எடுத்த சம்பளச் சீட்டைக் காட்டினான். என்னைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகம். மனிதவளத் துறையில் பொதுவாக விசாரித்தேன். "சிலர் பேரம் பேசுகிறார்கள், நீங்கள் பேசவில்லை" என்றார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சம்பள இடைவெளியெல்லாம் குழந்தை பிறந்த பிறகுதான் வரும் என்று படித்திருக்கிறேன். தவறு என்னுடையதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நிர்வாகத்துக்கு வசதியான பதில் அது. பேரமே நடக்காத இடத்திலும் இந்த வித்தியாசம் வருகிறது. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகப் பணிக்கான ஒரே விண்ணப்பத்தை அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு ஜான் என்ற பெயரில், சிலருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்கு அவர்கள் சொன்ன ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டாலர், ஜெனிஃபருக்கு 26,508. இல்லாத பெண் எங்கே போய்ப் பேரம் பேசுவாள்? பெண் பேராசிரியர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

நீங்கள் படித்ததும் பொய்யில்லை. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினும் சக ஆய்வாளர்களும் சிகாகோ எம்.பி.ஏ. பட்டதாரிகளை ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் சம்பளம் ஏறத்தாழ ஒன்றுதான். போகப்போகத்தான் விலகியது, பெரிதும் குழந்தைகளை ஒட்டி. ஆனால், யாராவது ஒருவர் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வரும்போது தம்பதியர் எதைப் பார்க்கிறார்கள்? யாருக்குச் சம்பளம் குறைவு என்றுதான். கலந்து பேசி எடுத்த நியாயமான முடிவு என்று இருவருமே நம்புவார்கள். அந்தக் கணக்கின் முதல் எண்ணை எழுதியவர் முதல் முதலாளி.

உயர்வு சதவீதத்தில் வருவதால், இருவருக்கும் ஆண்டுக்குச் சமமாக 8% கொடுத்தாலே ஒன்பது ஆண்டில் தொகையின் வித்தியாசம் இரட்டிப்பாகிவிடும். வேலை மாறினாலும், "இப்போது என்ன வாங்குகிறீர்கள்?" என்று கேட்டு, அதன்மேல் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஆணை இந்தக் கேள்வியையே தடை செய்கிறது. உங்கள் ஊரில் சட்டம் எப்படியோ, அடுத்த நேர்காணலில் பழைய சம்பளத்தைச் சொல்லும் முன் அந்தப் பதவிக்கான சம்பள வரம்பைக் கேளுங்கள்.

இப்போதைய அலுவலகத்தில் பேரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். உங்கள் பதவிக்குச் சம்பளம் எந்த அடிப்படையில் நிர்ணயிக்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சுலபமாகச் சொன்னதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட அவர்கள் யோசிப்பார்கள். தோழனின் பெயரை மட்டும் இழுக்காதீர்கள். சீட்டைக் காட்டிய பாவத்துக்கு அவன் வேலைக்கு வேட்டு வைக்க வேண்டாம்.