லயத்து இஸ்தோப்புத் தகரத்தைக் காற்று தூக்காமல் இருக்க மணல் மூட்டை போதுமா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் மேட்டு விளிம்பில் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு). முன்னால் இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) மேல் இறக்கிய 4 அடித் தகரம் மட்டும் ஆனி, ஆடிக் காற்றில் பிய்ந்து போகிறது, எத்தனை மூட்டை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டை வேண்டாம்.

மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று, தடுக்கும் இடத்தில் சதுர மீற்றருக்குச் சுமார் 48 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். தாழ்வாரத்தைக் காற்று மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் தாக்குகிறது. சுவரில் மோதிய காற்று போக வழியில்லாமல் கீழேயிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் 10 சதுர அடியை ஏறக்குறைய 70 முதல் 90 கிலோ தூக்கும். அந்த அளவுத் தகரத்தின் எடை 4 கிலோ சொச்சம்தான். ஆகவே ஒவ்வொரு 10 சதுர அடிக்கும் 25 கிலோ மூட்டை மூன்று நான்கு வேண்டும். அவ்வளவு பாரத்தைத் தகரத்தின் கீழ் குறுக்கே ஓடும் மரச்சட்டம் தாங்காது. சாக்கு வெயிலில் இற்றுப்போகும், ஈரம் நின்று தகரம் துருப்பிடிக்கும், சரிவில் வழுக்கி யார் தலையிலாவது விழும். இஸ்தோப்பில் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

மலையில் இன்னொரு சிக்கல். தென்மேல் பருவக்காற்று பள்ளத்திலிருந்து சரிவோடு ஏறி வருவதால், நேராகத் தாழ்வாரத்தின் அடிவயிற்றில் மோதும். விளிம்பில் வேகமும் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு. 1978 மட்டக்களப்புச் சூறாவளிக்குப் பின், காற்று வேகத்தைப் பார்த்து நாட்டைப் பிரித்து வகுத்த காற்று வலயங்களில் மலையகம் குறைந்த வலயத்தில் இருக்கிறது. அதை நம்பி விளிம்பு வீட்டைக் கட்டாதீர்கள்.

முதல் வேலை, தூணுக்கு வெளியே நீட்டியிருக்கும் தகரத்தை ஒன்றரை அடிக்குள் வெட்டுங்கள். சாரல் கொஞ்சம் அடிக்கும்தான். அதற்குப் பக்கத் தட்டி கட்டலாம். இஸ்தோப்புக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒரே தகரமாக ஓட்டாமல் தனியாக, ஒரு படி கீழே போடுங்கள். அது போனாலும் வீடு திறக்காது.

அடுத்தது பிடிமானம். ஆணி ஆடி ஆடிக் கழன்றுவிடும். இறப்பர் வொஷர் உள்ள திருகாணி போடுங்கள், மரத்துக்குள் 30 மில்லிமீற்றராவது இறங்கவேண்டும். கூரையின் நடுவில், தகர நெளிவின் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் போட்டால் போதும். ஓரத்திலும் மூலையிலும் ஒவ்வொரு மேட்டிலும் வேண்டும். சட்டங்களின் இடைவெளி நடுவில் 3 அடி, ஓரத்தில் ஒன்றரை அடி. 1974இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி சூறாவளி தாக்கியபோது பல கூரைகளில் திருகாணி பிடுங்கப்படவில்லை, தகரம் படபடத்துத் திருகாணியைச் சுற்றி வெடித்துக் கிழிந்தது. அகலமான வொஷர் அதற்குத்தான்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தகரம் இறுகினால் அடுத்த காற்றில் சட்டத்தோடு சேர்த்துக் கிளம்பும், சட்டத்தை இறுக்கினால் அதைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தோடு. சட்டம் கைமரத்தில் சேரும் ஒவ்வொரு இடத்திலும், கைமரம் முன் உத்தரத்தில் சேரும் இடத்திலும், உத்தரம் தூணில் சேரும் இடத்திலும் கல்வனைஸ் பட்டியை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டியை) மேலாகச் சுற்றி இரண்டு பக்கமும் நான்கு ஆணி அடியுங்கள். சுவர்ப் பக்கம் பட்டியைச் சுவரோடு 3 அடி கீழே இறக்கி, சுவரை ஊடுருவும் போல்ட்டால் உள்ளே தட்டு வைத்து முறுக்குங்கள். பழைய லயத்துக் கல்சுவரில் மேல்வரிசையில் மட்டும் பிடித்தால் அந்தக் கல்லே பெயர்ந்து வரும்.

தூண் வெறும் கல்லின் மேல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒன்றரை அடிச் சதுரம், 2 அடி ஆழக் குழியில் கொங்கிறீட் போட்டு அதற்குள் இரும்புப் பட்டியைப் புதைத்துத் தூணோடு போல்ட் போடுங்கள். அந்தக் கட்டி 300 கிலோ வரும். 6 அடிக்கு ஒரு தூண் என்றால் உங்கள் கூரைக்குப் போதும்.

காற்று எழும்பும்போது காற்றுப் பக்கக் கதவைச் சாத்துங்கள். திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கூரையைக் கீழிருந்து தள்ளும்.