கேள்வி – பதில்: கலைக்களஞ்சியங்கள் இடம் மாறும் காலம்

கேள்வி: கலைக்களஞ்சியங்கள் அச்சில் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இதனால் அறிவுலகம் உண்மையில் எதையாவது இழந்திருக்கிறதா, அல்லது அச்சுப் புத்தகத்தின் மேல் நமக்குள்ள பற்றுதான் நம்மை வருந்த வைக்கிறதா?
– ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்

பதில்: 1768-இல் எடின்பரோவில் வெளிவரத் தொடங்கிய பிரிட்டானிக்கா, 32 தொகுதிகள் கொண்ட 2010-ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சை விட்டு விலகியது. அந்த முடிவு 2012 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது பலரும் வருந்தினார்கள். ஆனால் அச்சுக்குப் போட்டியாக வந்த குறுந்தகடும் நீடிக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 1993-இல் கொண்டுவந்த என்கார்ட்டா 2009-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே, அறிவு எந்தப் பொருளின் மேல் பதிந்திருக்கிறது என்பதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

இழந்தது வேறொன்று. பிரான்சில் திதெரோவும் தலாம்பெரும் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1751-இல் வெளிவந்தபோது, மனித அறிவு முழுவதையும் நினைவு, பகுத்தறிவு, கற்பனை என்ற மூன்று கிளைகளில் அடக்கிக் காட்டும் ஒரு வரைபடம் அதில் இடம்பெற்றது. பிரிட்டானிக்கா 1974-இல் தன் 15-ஆம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, அறிவுத்துறைகள் ஒன்றோடொன்று எவ்வாறு உறவுகொண்டுள்ளன என்பதை விளக்குவதற்கென்றே ஒரு தனித் தொகுதியை ஒதுக்கியது. இவை குறையற்றவை அல்ல. வகுத்தவர்களின் காலமும் சார்பும் அவற்றில் படிந்திருந்தன. ஆயினும், யாரோ சிலர் முழுமையையும் ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பார்த்து, எதற்கு அரைப் பத்தி போதும், எதற்கு இருபது பக்கம் வேண்டும் என்று பொறுப்போடு முடிவெடுத்திருக்கிறார்கள் என்ற தெளிவு வாசகருக்கு இருந்தது. அந்த முடிவோடு அவர் உடன்படலாம், சண்டையும் போடலாம். தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டி விடை பெறுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை; கேட்டது கிடைக்கிறது, கேட்கத் தெரியாதது கண்ணில் படுவதே இல்லை.

பெற்றதையும் சொல்ல வேண்டும். அதே பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தை அச்சிட்ட லெ பிரெத்தோன், அரசின் சினத்துக்கு அஞ்சி, மெய்ப்புத் திருத்தம் முடிந்த பிறகு பல கட்டுரைகளில் இருந்த துணிச்சலான பகுதிகளை யாருக்கும் தெரியாமல் வெட்டிவிட்டார். 1764-இல் தற்செயலாக இதைக் கண்டுபிடித்த திதெரோ மனமுடைந்துபோனார். ஆனால் வாசகர்களுக்கு எதுவும் தெரியவில்லை. வெட்டப்பட்ட பகுதிகள் அடங்கிய மெய்ப்புத்தாள்களில் ஒரு பகுதி வெளிச்சத்துக்கு வருவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தை யார், எப்போது நீக்கினார் என்பதை வாசகரே பார்க்கக்கூடிய வசதிதான் மின்னணுக் காலம் கலைக்களஞ்சியத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை என்று நான் கருதுகிறேன். உடனுக்குடன் திருத்தலாம், இடப் பற்றாக்குறை இல்லை என்பதெல்லாம் அதற்கு அடுத்தவைதான்.

கேள்வி: யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று இருக்கும் விக்கிப்பீடியாவை எந்த அடிப்படையில் நம்புவது?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களுக்கே முதலில் அந்த ஐயம் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில், துறை வல்லுநர்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சரிபார்ப்பைக் கடக்க வேண்டியிருந்தது. விளைவாக மிகச் சில கட்டுரைகளே முழுமை பெற்றன. அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று திறந்துவிடப்பட்ட விக்கிப்பீடியா, தாய்த்திட்டத்தையே விழுங்கி வளர்ந்தது. நேச்சர் ஆய்விதழ் 2005-இல் அறிவியல் கட்டுரைகள் 42-ஐ வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் தென்பட்டன. பிரிட்டானிக்கா அந்த ஒப்பீட்டின் முறையைக் கடுமையாக மறுத்தது. இருந்தாலும், வல்லுநர் எழுதியது என்பதாலேயே ஒரு கட்டுரை பிழையற்றதாகிவிடாது என்ற பாடம் அதிலிருந்து எல்லாருக்கும் கிடைத்தது.

எனக்குக் கவலை தருவது எண்ணிக்கை அல்ல, பிழை பயணம் செய்யும் விதம். கோவாட்டி என்ற அமெரிக்கக் கண்டத்து விலங்கு ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்தது. 2008-இல் ஓர் அமெரிக்க மாணவர், விளையாட்டாக, அதற்குப் பிரேசில் ஆர்ட்வார்க் என்ற பெயரும் உண்டு என்று விக்கிப்பீடியாவில் ஒரு வரி சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவில் வாழும், முற்றிலும் வேறான விலங்கு. அந்த வரிக்குச் சான்று எதுவும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் செய்தித்தாள்களும் நூல்களும் அந்தப் பெயரை எடுத்தாண்டன; பிறகு அந்தச் செய்திகளில் ஒன்றே விக்கிப்பீடியாவில் அந்த வரிக்குச் சான்றாக வந்து உட்கார்ந்துகொண்டது. பொய் ஊர் சுற்றித் திரும்பி வந்து தனக்குத்தானே சாட்சி சொன்னது.

ஆகவே முழுக் கட்டுரையையும் நம்பலாமா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த ஒரு வாக்கியத்தை நம்பலாமா என்று கேளுங்கள். வாக்கியத்தின் முடிவில் சான்று எண் இருக்கிறதா? அதைச் சொடுக்கினால் வரும் மூலம், அந்தச் செய்தி கட்டுரையில் சேர்க்கப்படுவதற்கு முன்பு வெளியானதா, பின்பு வெளியானதா? பக்கத்தின் மேலே உள்ள வரலாற்றைத் திறந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாளும் நேரமும் இருக்கும். இரண்டு பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்து, சேர்ந்த சொற்களையும் போன சொற்களையும் பார்க்கலாம். உரையாடல் பக்கத்தில் எந்தச் செய்தி பற்றிச் சச்சரவு நடந்தது என்பது தெரியும். கட்டுரையைவிட அந்த உரையாடல் பக்கமே சில நேரங்களில் கூடுதலாகக் கற்றுத்தருகிறது. ஏனென்றால், ஒரு செய்தி எந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது என்பது அங்கேதான் புலப்படும்.

கேள்வி: ஆய்வேட்டில் இணையக் கலைக்களஞ்சியத்தை மேற்கோள் காட்டலாமா? என் நெறியாளர் கூடாது என்கிறார்.
– முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர்

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வது சரி. அச்சுக் கலைக்களஞ்சியமாக இருந்தாலும் அவர் பெரும்பாலும் அதையேதான் சொல்லியிருப்பார். கலைக்களஞ்சியம் பிறர் கண்டறிந்ததைத் தொகுத்துச் சொல்வது. ஆய்வாளர் அந்தக் கண்டறிந்தவரிடமே செல்ல வேண்டும். விதிவிலக்காக, துறை வல்லுநர்கள் கையெழுத்திட்டு எழுதி, சக ஆய்வாளர்கள் மதிப்பிட்டு வெளியிடும் இணையக் களஞ்சியங்கள் இருக்கின்றன. 1995 முதல் வெளிவரும் ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் களஞ்சியம் அப்படிப்பட்டது. அதில் கட்டுரைகள் காலத்துக்கேற்பத் திருத்தப்படுகின்றன. அதே சமயம், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முழுக் களஞ்சியத்தின் மாறாத பதிப்பொன்று சேமிக்கப்படுகிறது. மேற்கோள் காட்டுகிறவர் அந்த மாறாத பதிப்பைச் சுட்டலாம்.

கேள்வி: முன்பு பத்து நாள் நூலகத்தில் தேடியதை இப்போது பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம். இந்த வேகம் ஆய்வாளரின் சிந்தனையை ஆழப்படுத்துகிறதா, மேலோட்டமாக்குகிறதா?
– ஆய்விதழ் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவர்

பதில்: இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, எனினும் என் சாய்வை மறைக்க விரும்பவில்லை. சமூகவியலாளர் ஜேம்ஸ் எவன்ஸ் 2008-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், சுமார் 3 கோடியே 40 இலட்சம் கட்டுரைகளின் மேற்கோள்களை ஆராய்ந்து, ஆய்விதழ்கள் இணையத்துக்கு வர வர, ஆய்வாளர்கள் சுட்டும் கட்டுரைகள் அண்மைக் காலத்தவையாகவும் குறைந்த எண்ணிக்கையிலானவையாகவும் ஆகின்றன என்று கண்டார். பின்னர் வேறு ஆய்வாளர்கள் வேறு கணக்கீட்டு முறைகளால் இதற்கு நேர்மாறான முடிவுக்கும் வந்தார்கள். ஆகவே வழக்கு முடிந்துவிடவில்லை. ஆனால் எவன்ஸ் காட்டிய காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: அச்சு இதழைப் புரட்டுகிறவர் தாம் தேடாத கட்டுரைகளைக் கடந்தே தாம் தேடியதை அடைய முடியும். அப்படிக் கடந்து செல்லும்போதுதான் அயல் துறையின் ஒரு கேள்வி மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. தேடல் முடிவுகளின் பட்டியலோ, ஏற்கெனவே பலர் சுட்டியதை மேலே நிறுத்தி, அதையே மேலும் பலர் சுட்டுமாறு செய்கிறது.

இன்னொரு மாற்றத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அடிக்குறிப்பு என்பது அறிஞர்களுக்கிடையே உள்ள ஒரு வாக்குறுதி: நான் சொன்னதைச் சரிபார்க்க வேண்டுமானால் இங்கே போங்கள் என்று அது சொல்கிறது. இன்று போனால் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் தரப்பட்டிருந்த இணைய இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய செய்தியைக் காட்டவில்லை என்று தெரியவந்தது. உச்ச நீதிமன்றத்துக்கே இந்த நிலை என்றால் சாதாரண ஆய்வேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கத்தைச் சுட்டும் அன்றே, இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற காப்பகத்தில் அதன் படியைச் சேமித்து, அந்த முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் இதழ் இதைக் கட்டாயமாக்கினால் பெரிய தொண்டாக இருக்கும்.

கேள்வி: கட்டுரை எண்ணிக்கையில் பின்தங்கிய மொழிகள் இயந்திர மொழிபெயர்ப்பால் தங்கள் கலைக்களஞ்சியங்களை விரைவாக நிரப்பிக்கொண்டால் என்ன?
– மொழிபெயர்ப்பாளர் ஒருவர்

பதில்: எண்ணிக்கை ஏறிவிடும், அதில் ஐயமில்லை. பிலிப்பைன்சின் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு தானியங்கி நிரல் எழுதியவை. உயிரினங்களும் நிலப்பகுதிகளும் பற்றிய ஒரே வார்ப்புச் சிறு குறிப்புகள். ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் நடந்தது இதைவிட வருத்தத்துக்குரியது. அம்மொழியைப் பேசத் தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர், ஆங்கிலச் சொற்களின் எழுத்தைச் சற்றே மாற்றிப் பல்லாயிரம் கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தது 2020-இல்தான் பரவலாகத் தெரியவந்தது. தீய நோக்கம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனால் அம்மொழி தெரியாதவர்கள் அதைப் பார்த்து, இதுதான் ஸ்காட்ஸ் என்று எண்ணியிருப்பார்கள். மொழிக் கருவிகளும் அந்த எழுத்திலிருந்தே கற்றிருக்கக்கூடும்.

தமிழில் ஆ. சிங்காரவேலு முதலியார் 1910-இல் வெளிவந்த அபிதான சிந்தாமணிக்காகத் தனியொருவராகப் பல ஆண்டுகள் செய்திகளைத் திரட்டினார். பின்னர் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அந்த உழைப்பில் ஒரு பகுதி, எதை எப்படித் தமிழில் சொல்வது என்று முடிவெடுப்பதில் கழிந்தது. இயந்திரம் வரைவைத் தரட்டும்; அந்த முடிவைத் துறையும் மொழியும் அறிந்த ஒருவர் எடுக்கவில்லை என்றால் அது கட்டுரை ஆகாது.

கேள்வி: என் மாணவர்கள் கலைக்களஞ்சியத்தைத் திறப்பதே இல்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள், அது தெளிவாகப் பதில் சொல்கிறது. கலைக்களஞ்சியத்துக்கு இனி என்ன வேலை?
– பேராசிரியை ஒருவர்

பதில்: அந்தத் தெளிவான பதிலுக்குப் பின்னால் கலைக்களஞ்சியங்களும் இருக்கின்றன. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்ததிலிருந்து பரவியிருக்கும் இத்தகைய மொழி மாதிரிகள், மனிதர்கள் எழுதிக் குவித்த உரைகளிலிருந்து பயிற்சி பெற்று, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியங்களை உருவாக்குகின்றன. அந்தப் பயிற்சி உரைகளில் விக்கிப்பீடியாவும் ஒன்று. எனவே மாணவர்கள் கலைக்களஞ்சியத்தை விட்டு விலகவில்லை. அதன் அடிக்குறிப்புகளையும் திருத்த வரலாற்றையும் உரையாடல் பக்கத்தையும் விட்டுத்தான் விலகுகிறார்கள். கோவாட்டியின் பொய்ப் பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தது, அந்த வரி என்று சேர்ந்தது என்ற பதிவு இருந்ததால். மாதிரியின் பதிலில் ஒரு வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அப்படிப் பின்தொடர்ந்து போக இயலாது. சில கருவிகள் இப்போது இணையத்தில் தேடி மூலங்களையும் சேர்த்துத் தருகின்றன. அது நல்ல மாற்றம்தான், ஆனால் தரப்பட்ட மூலம் அந்தச் செய்தியைச் சொல்கிறதா என்பதை யாராவது திறந்து பார்த்தாக வேண்டும்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்தது சான்று. சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் தங்கள் மனுவில் மேற்கோள் காட்டினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை என்று கண்ட கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி, 2023 ஜூனில் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். வழக்குகளின் பெயர், எண், நீதிபதியின் பெயர் எல்லாம் பார்வைக்கு முறையாகவே அமைந்திருந்தன.

உங்கள் வகுப்பில் அந்தக் கருவியைத் தடுக்கச் சொல்லமாட்டேன், தடுக்கவும் முடியாது. கட்டுரையில் வரும் ஒவ்வொரு முக்கியச் செய்திக்கும், மாணவர் தாமே திறந்து படித்த மூலத்தின் பெயரையும் பக்க எண்ணையும் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் அடுத்த பத்தி என்ன சொல்கிறது என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். படித்தவர் உடனே சொல்லிவிடுவார்.