எருக்குழியில் மக்காத பையும் உடலில் கரையும் நூலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர்க் கடைகளில் இப்போது ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பையில்தான் சாமான் தருகிறார்கள். குறுவை நடவின்போது அவற்றில் சிலவற்றை எருக்குழியில் போட்டேன். சம்பா அறுவடை முடிந்து குழியைக் கிளறியபோது அவை கிழிந்திருந்தனவே தவிர, மக்கவில்லை. இது ஏமாற்றுதானா?
– விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: ஏமாற்றாகவும் இருக்கலாம்; நேர்மையான பையாக இருந்தும் உங்கள் குழியில் மக்காமல் போயிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பைகள் பாலிமரால் ஆனவை. பாலிமர் என்பது ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. பழைய பாலித்தீன் பையின் சங்கிலி முழுவதும் கார்பனோடு கார்பன் பிணைந்தது என்பதால், தண்ணீராலும் நுண்ணுயிர்களாலும் அதை எளிதில் அறுக்க முடிவதில்லை. மக்கும் பைகளில் பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலமும், பிபிஏடி என்ற மற்றொரு பாலிமரும், சிலவற்றில் மாவுச்சத்தும் கலந்திருக்கும். மக்காச்சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்க வைத்து எடுக்கும் லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துத்தான் பாலிலாக்டிக் அமிலத்தைச் செய்கிறார்கள். இந்தச் சங்கிலிகளில் தண்ணீர் புகுந்து வெட்டக்கூடிய இணைப்புகள் உண்டு. வெட்டுண்ட சிறு துண்டுகளையே நுண்ணுயிர்கள் உண்கின்றன. ஆனால் பாலிலாக்டிக் அமிலம் ஏறத்தாழ 55–60 டிகிரி செல்சியசுக்குக் கீழே விறைத்து நிற்பதால், தண்ணீர் உள்ளே புகுவது மிக மெதுவாகிவிடுகிறது. அதனால்தான் இப்பைகளுக்கான ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரம், குப்பையை மக்கவைக்கும் பெரிய உரக்கூடத்தின் சூழலை அடிப்படையாகக் கொள்கிறது. சுமார் 58 டிகிரி வெப்பமும் ஈரமும் காற்றோட்டமும் உள்ள அத்தகைய சூழலில், பையிலுள்ள கார்பனில் 90 சதவீதம் 180 நாள்களுக்குள் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும் என்பது சோதனை விதி.

நம் வீட்டு எருக்குழி சாணமும் வைக்கோலும் சேர்ந்த முதல் சில நாள்களில் சூடேறினாலும், அளவில் சிறியது என்பதால் விரைவில் ஆறிவிடும்; ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் காற்றும் அற்றுப்போகும். தண்ணீர் கட்டிய நெல் வயலின் நிலையும் அதுவே. ஆகவே சான்று பெற்ற பையையும் குழியில் போடாதீர்கள், வயலிலும் வீசாதீர்கள். பையின் மீது ஐஎஸ் 17088 குறியும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் இல்லையென்றால் அதை நம்பவே வேண்டாம். சில பைகள் பாலித்தீனில் உலோக உப்பைச் சேர்த்துச் செய்யப்படுபவை. அவை வெயிலில் நொறுங்கி 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாகச் சேற்றில் கலந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அவ்வகைப் பொருள்களைத் தடை செய்துவிட்டது. வெப்பத்தை அளந்து நடத்தப்படும் உரக்கூடம் இல்லாத ஊரில் மக்கும் பையைத் தீர்வாகக் காட்டுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அங்கே துணிப் பைதான் நல்லது.

கேள்வி: என் அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. தையலைப் பிரிக்க வரவேண்டாம், நூல் தானே கரைந்துவிடும் என்று மருத்துவர் சொன்னார். அந்த நூல் எங்கே போகிறது?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: முந்தைய பதிலில் சொன்ன லாக்டிக் அமிலம் இங்கும் வருகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு தையல் நூலில் 90 சதவீதம் கிளைக்காலிக் அமிலத்திலிருந்தும் 10 சதவீதம் லாக்டிக் அமிலத்திலிருந்தும் வரும் அலகுகள் கோக்கப்பட்டிருக்கும். கிளைக்காலிக் அலகுகள் தண்ணீரை எளிதில் ஏற்பதால், 37 டிகிரி உடல் சூட்டிலேயே சங்கிலி அறுபடத் தொடங்குகிறது. புண் ஆறுவதற்குத் தேவையான முதல் 2, 3 வாரங்கள் நூல் பிடித்து நிற்கும். ஏறக்குறைய 2 மாதங்களில் முழுவதும் கரைந்துவிடும். எஞ்சும் சிறு அமிலங்களை உடல் சிதைத்து, பெரும்பகுதியை நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேற்றிவிடுகிறது. நூல் எங்கே இருக்கப்போகிறது, எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ப அலகுகளின் விகிதத்தை அமைத்திருக்கிறார்கள். பை செய்வோரும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்திருந்தால் முதல் கேள்வியே எழுந்திருக்காது.

கேள்வி: மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரத் தாமதமாகிறது. தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ‘ஹைட்ரோஜெல்’ குருணையை வயலில் போடலாம் என்கிறார்கள். பலன் தருமா?
– வேதாரண்யம் பகுதி வாசகர்

பதில்: டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘பூசா ஹைட்ரோஜெல்’ செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டது, தூய நீரில் தன் எடையைப்போல் 350 மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்து, மண் காயும்போது வேருக்கு விடும். ‘தூய நீரில்’ என்பதை மறக்க வேண்டாம். குருணைக்குள் மின்னேற்றம் பெற்ற அயனிகள் செறிந்திருப்பதால்தான் வெளிநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. வெளிநீரிலும் உப்பு இருந்தால் அந்த இழுவிசை வெகுவாகக் குறைந்துவிடும். கடல்நீர் ஏறிய கிணற்றை நம்பியிருந்தால் போட்ட பணத்துக்குப் பலன் இராது. களிமண் வயலோ தானே நீரைப் பிடித்துவைக்கும். தண்ணீர் கட்டிச் செய்யும் நெல்லுக்கு இது தேவையும் இல்லை. நல்ல தண்ணீர் கிடைக்கும் மணற்பாங்கான கொல்லையில், காய்கறிக்கோ புதிதாக வைக்கும் கன்றுக்கோ பயன்படுத்திப் பார்க்கலாம். அப்போதும் ஒரு பாத்தியில் மட்டும் போட்டு, போடாத பாத்தியோடு ஒப்பிட்ட பிறகே மேற்கொண்டு வாங்குங்கள். செயற்கை அக்ரிலிக் வகைக் குருணைகளும் சந்தையில் விற்கப்படுகின்றன. அவை மண்ணில் மிக மெதுவாகவே சிதையும் என்பதால் எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: இறால் ஓட்டிலிருந்து மருந்து செய்யலாம் என்பது உண்மையா?
– நாகப்பட்டினம் வாசகி

பதில்: உண்மை. ஓட்டிலுள்ள கைட்டின் ஓர் இயற்கைப் பாலிமர். சுண்ணாம்புச் சத்தையும் புரதத்தையும் நீக்கிவிட்டுக் காரத்தில் சூடாக்கினால் அது கைட்டோசானாக மாறும். அதன் நேர்மின்னேற்றம் எதிர்மின்னேற்றமுள்ள சிவப்பணுக்களை ஈர்த்துத் திரட்டுவதால், இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணிகளில் அதைச் சேர்க்கிறார்கள். அந்தத் தரத்துக்குத் தூய்மைப்படுத்த நல்ல ஆலை வேண்டும். காரக் கழிவுநீரை வாய்க்காலில் விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடும் வேண்டும்.